ஃபிளெக்ஸில் நிற்கிறவள் நானில்லை

நங்கநல்லூர்
22 ஜூலை 2025

என்னங்க,

போனை ஃபிரிட்ஜ் மேல் மறந்து வைத்துவிட்டு வரவில்லை. வேண்டுமென்றேதான் வைத்துவிட்டு வந்தேன். அதைத் திறந்தால் உங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பில் "சரோஜாவுக்கு வயசே ஆகலை", "சூப்பர் ஜோடி" என்று ஆளுக்கு ஆள் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கைதட்டு எனக்கு இல்லை. யாருக்கோ வந்ததை நான் ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்? ஜலஜா வீட்டுக்காரர் தினமும் பழவந்தாங்கலில் ரயிலேறி மாம்பலத்தில் இறங்குகிறார். உங்கள் கடையைத் தாண்டித்தான் ஆபீசுக்கு நடக்கிறார். அவரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். பதில் எழுத மனசிருந்தால் அவரிடமே கொடுங்கள். தங்கை புருஷனைத் தபால்காரராக ஆக்கிவிட்டேனே என்று ஜலஜாவுக்கு வருத்தம்தான், இருக்கட்டும்.

ஏன் கிளம்பினேன் என்று இன்னும் புரியவில்லையென்று லாவண்யாவிடம் சொன்னீர்களாம். பெற்ற மகளிடம் சொல்லியிருக்கிறீர்கள், அதனால் எழுதியே தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்களுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ரங்கநாதன் தெருவுக்கு வந்தேன். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் அடித்துப் பிடித்து நம் மேட்சிங் சென்டர் வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தால், இரண்டாள் உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். "உரிமையாளர் மணிவிழாவை முன்னிட்டு சிறப்புத் தள்ளுபடி." நீங்கள் வழுக்கையும் தொப்பையுமாக அப்படியே நிற்கிறீர்கள். பக்கத்தில் ஒரு பொம்பளை. என் தேன் கலர் பட்டு, என் எட்டுக்கல் தோடு, என் மூக்குத்தி. முகம் மட்டும் உரித்த முட்டை. கன்னத்திலும் கண்ணோரத்திலும் இருக்கிற மரு ஒன்றுகூட இல்லை. கழுத்தில் தொங்குகிறதெல்லாம் காணோம். ஒரு நிமிஷம் நிஜமாகவே யாரிவள் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

உள்ளே வந்து கேட்டேன். கல்லாவில் உட்கார்ந்தபடி என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "பழுதை யாராவது வாசல்ல வைப்பாங்களா சரோஜா?" என்றீர்கள். உங்கள் கடையில் நெசவில் புள்ளி விழுந்த ரவிக்கைத் துணியைத் தனியாகக் கட்டிப் போடுவீர்களே, செகண்ட்ஸ் என்று, நான் அந்தக் கட்டில் கிடக்கிற துண்டா?

பத்திரிகையிலும் அதே படம்தான் என்று லாவண்யா சொன்னாள். நல்லது. ஆகஸ்ட் இருபத்தொன்பது மயிலாப்பூர் மண்டபத்தில் அறுபதாம் கல்யாணத்துக்கு மணையில் உங்கள் பக்கத்தில் அந்த ஃபிளெக்ஸ் அம்மாளையே உட்கார வையுங்கள். தாலியை அவளுக்கே கட்டுங்கள். என் முகத்தோடு நான் உட்கார வேண்டுமென்றால், என் முகத்தை முதலில் வாசலில் வையுங்கள்.

சாப்பாட்டுக் கேரியரைக் கழுவி வையுங்கள். நாற்றம் பிடித்துவிடும்.

சரோஜாதேவி


தி. நகர்
25 ஜூலை 2025

சரோஜா,

உன் கடிதத்தை ஜலஜா வீட்டுக்காரர் கூட்ட நேரத்தில் கொண்டுவந்து நீட்டினார். பிரித்துப் பார்க்கிறேன், எதிரே நாலு பேர் ரவிக்கைத் துணியைப் பிடித்துக்கொண்டு "இந்தப் பச்சை சேருமா, அந்தப் பச்சை சேருமா" என்கிறார்கள். முதலாளி கண்ணைத் துடைக்கிறாரா வியர்வையைத் துடைக்கிறாரா என்று எல்லாரும் பார்க்கிறார்கள். வியர்வைதான்.

நான் ஸ்டுடியோக்காரனிடம் அழி என்று சொல்லவில்லை. "நீட்டா பண்ணுப்பா" என்றேன். அவன் எல்லாருக்கும் செய்கிற டச்-அப் அது. இந்தக் காலத்தில் செய்யாதவர் யார்? கட்சிக்காரர்கள் ஃபிளெக்ஸைப் பார், எழுபது வயசுக்காரர் கல்லூரிப் பையன் மாதிரி சிரிக்கிறார். அவர் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்கா போனாள்?

நான் சொன்னது தப்பு வார்த்தை, ஒத்துக்கொள்கிறேன். கடைக்காரன் வாயில் கடைச் சொல்தான் வரும். ஆனால் விருதுநகரிலிருந்து மதினி வருவார்கள், சம்பந்தி வீட்டார் வருவார்கள். போன வருஷம் கிரகப்பிரவேசத்தில் மதினி எல்லார் முன்னாலும் "ஏளா, உம் மூஞ்சில என்ன கடுகு தாளிச்சிருக்கு"ன்னு கேட்டது உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. அந்தப் பேச்சு வரக்கூடாதென்றுதான் பார்த்தேன்.

நான் ஒன்றும் கைகட்டிக்கொண்டு இருக்கவில்லை. நம் எதிர்க்கடைப் பாத்திரக்காரர் போன வாரம் வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போனார். அவரிடம் உப்பும் மிளகும் இரண்டு பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பினேன். உப்பு கரைவது போல மரு கரையும் என்பது காலங்காலமாக உள்ள நம்பிக்கை. அதோடு இந்தக் கவரில் ஒரு சின்ன டப்பா இருக்கிறது, சுண்ணாம்பும் துணிசோடாவும் குழைத்தது. அண்ணன் சொன்ன வைத்தியம். குச்சியால் ஒரு புள்ளி வைத்தால் போதுமாம், உதிர்ந்துவிடுமாம். ஒரு மாசம் இருக்கிறதே, தாராளமாக ஆறிவிடும்.

பத்திரிகை அடித்தாகிவிட்டது. பாதிக்குமேல் கொடுத்தும் ஆகிவிட்டது. இனி மாற்றுவதெப்படி? பிடிவாதத்துக்கு ஓர் அளவு வேண்டும். அசோக் நகர் வீட்டில் ராத்திரி வந்தால் இருட்டுதான் கதவைத் திறக்கிறது. மெஸ் சாப்பாட்டில் வயிறு வேறு சரியில்லை. இடுப்பில் வேட்டி மடிப்பு படுகிற இடத்தில் ஒரு வேனல் கட்டி, உட்கார்ந்தால் உறுத்துகிறது. ஆடி மாசத்தில் எனக்கு உட்கார எங்கே நேரம், அதனால் பரவாயில்லை.

வந்துவிடு.

மாணிக்கவாசகம்


நங்கநல்லூர்
30 ஜூலை 2025

என்னங்க,

உங்கள் டப்பாவைத் திறக்கவில்லை. குப்பையில் போட்டால் குப்பை எடுக்க வருகிறவர் கை வெந்துவிடும் என்று ஜலஜா பேப்பரில் சுற்றிச் சுற்றி மேலே வைத்திருக்கிறாள். அதை என் முகத்தில் வைக்கச் சொல்கிறீர்கள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் நீங்கள் எனக்கு அனுப்பிய முதல் அழகுச் சாமான் அது.

நேற்று ஜலஜா என்னை அடையாறுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஆயத் என்று ஒரு தோல் டாக்டரம்மா, லாவண்யா வயசுதான் இருக்கும். உங்களுக்காகப் போகவில்லை. "முகத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு சண்டை போடுகிறாயே, அது என்னவென்றாவது தெரிந்துகொள்" என்று ஜலஜா சொன்னாள். அது நியாயமாகப் பட்டது.

அந்தப் பெண் ஒரு லென்ஸை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் பார்த்தது. நீங்கள் கூட என் முகத்தை அத்தனை நேரம் பார்த்ததில்லை. பிறகு சொன்னது: "ஆன்ட்டி, கன்னத்துல இருக்கறதெல்லாம் வயசோட வர்ற மரு. உங்க அம்மாவுக்கு இருந்துச்சா? பரம்பரையா வரும். கழுத்துல தொங்கறது தோலோட தோல் உரசற இடத்துல வர்றது, சும்மா தோல்தான். ஒண்ணும் பண்ணாது. யாருக்கும் ஒட்டிக்காது. எடுக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை."

நான் கேட்டேன், புற்று எதுவும் இல்லையே என்று. அதற்கும் கோபப்படாமல் பதில் சொன்னது. திடீரென்று பெரிசாகிறது, ஓரம் கோணலாகிறது, ஒரே மருவில் இரண்டு மூன்று நிறம் வருகிறது, தானாக ரத்தம் வருகிறது, புண்ணாகி ஆறமாட்டேன் என்கிறது, இப்படி ஏதாவது மாறினால் அன்றைக்கே வந்து காட்டச் சொன்னது. மாறாமல் கிடக்கிறவற்றை அதன் பாட்டுக்கு விட்டுவிடச் சொன்னது. கழுத்தில் இத்தனை இருந்தால் சர்க்கரையும் பார்த்துக்கொள்வது நல்லதென்று ரத்தம் எடுத்தார்கள். இல்லையாம், நல்ல வேளை. பால்கோவாவை விடவேண்டியதில்லை.

உங்கள் சுண்ணாம்பைப் பற்றியும் கேட்டேன். டாக்டர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை ஜாடை காட்டியது. கன்னத்தில் பத்துப் பைசா அளவுக்கு வெந்து குழிந்த தழும்பு. யாரோ சொன்னார்களென்று கல்யாணத்துக்கு முந்தின வாரம் வைத்துக்கொண்டாளாம். மரு இருந்தபோது யாரும் அவளை உற்றுப் பார்க்கவில்லை, இப்போது பஸ்ஸில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று என்னிடம் சொன்னாள்.

ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பிடரியில் தாலிச் செயின் கொக்கி மாட்டுகிற இடத்தில் ஒன்று இருந்ததே, தலை சீவும்போதெல்லாம் சிக்கி இழுக்கும், உங்களையே எத்தனை தடவை விடுவிக்கச் சொல்லியிருக்கிறேன். அது எனக்குத் தொந்தரவு, அதனால் எடுத்தேன். மரத்துப்போக ஒரு ஊசி, கரண்ட் வைத்து ஒரு தொடு, முடிந்தது. முகத்தில் இருப்பதையும் எடுக்கலாமா என்று அந்தப் பெண் கேட்டது. நம் நிறத்துக்குச் சில சமயம் எடுத்த இடம் கறுத்தோ வெளுத்தோ போகும், வேண்டுமென்றால் முதலில் ஒன்றை எடுத்துப் பார்க்கலாம் என்றது. வேண்டாம் என்றேன். ஏனென்று கேட்டது. "என் வீட்டுக்காரர் எடுக்கச் சொல்றார், அதான் வேண்டாம்"னேன். அந்தப் பெண் அப்படிச் சிரித்தது.

மதினி கேட்டது எனக்கு மறக்கவில்லை. அன்றைக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதுதான் உங்களுக்கு மறந்துவிட்டது. "ஆமாக்கா, தாளிப்பு இல்லாம குழம்பு ருசிக்குமா"ன்னு கேட்டேன். அவர்களே சிரித்துவிட்டார்கள். சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டது நீங்கள் ஒருத்தர்தான்.

இன்னொன்று. உப்பு மிளகு ஏன் இரண்டு பொட்டலம்? எனக்கு ஒன்று சரி. மற்றது யாருக்கு?

சரோஜாதேவி


தி. நகர்
4 ஆகஸ்ட் 2025

சரோஜா,

கடையில் இருக்கிற நாலு பேரும் உன் கட்சி. அமீனா பீயை நான் வேலைக்குச் சேர்த்து இருபது வருஷமாகிறது, பேச்சைப் பார். ஃபிளெக்ஸைக் காட்டி, "இன்னா அண்ணே, அண்ணி எங்க பூட்டாங்க, இது யாரோ சீரியல் நடிகை மாதிரி கீதே" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே கேட்கிறது. ஒரு ரோஸ் கலருக்கு நாற்பது ஷேடு பிரித்துக் காட்டத் தெரிந்த பொம்பளை. அது கண்ணில் மண் தூவ முடியவில்லை.

பொட்டலம் இரண்டு கட்டினேன், ஒன்று கொட்டிவிட்டால் இருக்கட்டுமென்று. எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்காதே.

டாக்டர் சொன்னால் சரி. உனக்கு எதுவும் இல்லையென்று கேட்டு நிம்மதி. உண்மையில் நிம்மதி, இதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளாதே. ஆனால் எல்லாக் கட்டியும் ஒன்றுமில்லாத கட்டியாகிவிடாது. நீ லென்ஸ் வைத்துப் பார்க்கப் போனாய், தப்பித்தாய். எல்லாரும் தப்பிப்பார்களா? சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே மேல்.

ஒரு வழி சொல்கிறேன். மண்டபத்து வாசலில் வைக்கிற போட்டோவை ஒரிஜினலாகவே வைத்துவிடலாம். கடை ஃபிளெக்ஸ் ஆடி முடிகிறவரை இருக்கட்டும். உனக்குப் பாதி, எனக்குப் பாதி. வியாபாரத்தில் இதற்கு மேல் யாரும் இறங்கிவர மாட்டார்கள்.

வேனல் கட்டி இன்னும் இருக்கிறது. பழுத்து உடைந்தால் சரியாகிவிடும். வெள்ளைச் சட்டை எல்லாம் அழுக்காகிவிட்டது, சலவைக்குப் போடுகிறேன், நீ கவலைப்பட வேண்டாம்.

மாணிக்கவாசகம்


நங்கநல்லூர்
6 ஆகஸ்ட் 2025

என்னங்க,

பேரம் பேசுகிற விஷயம் அப்புறம். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை வாங்க வந்தபோது உங்கள் சட்டையில் இடது பக்கம் இடுப்புக்கு மேலே ரத்தக் கறை இருந்ததென்று ஜலஜா வீட்டுக்காரர் சொன்னார். தாம்பூல எச்சில் என்று நீங்கள் சொன்னீர்களாம். நீங்கள் வெற்றிலை போடுகிற ஆளா?

நான் ஜலஜா போனிலிருந்து அமீனா பீயைக் கூப்பிட்டேன். கேட்டதற்கு மேலேயே சொல்லிவிட்டது. போன மாசம் ஒரு நாள் மத்தியானம் நீங்கள் தையல் நூல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, கையை நீட்டி நீட்டி ஒவ்வொரு கண்டாக வைத்துப் பார்த்தீர்களாம். "இன்னா ஷேடு அண்ணே தேட்றே"ன்னு கேட்டதற்கு, "காப்பிப்பொடி கலர், என் தோலுக்குச் சேரணும்" என்றீர்களாம். எதற்கென்று சொல்லவில்லையாம். அந்தப் பட்டு நூல் கண்டை எடுத்துக்கொண்டு கண்ணாடி ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்களாம்.

எனக்கு விளங்கிவிட்டது. உங்கள் ஊரில் மருவைச் சுற்றிக் குதிரை முடி கட்டுவார்கள், நீங்கள் மேட்சிங் நூல் கட்டியிருக்கிறீர்கள். யாருக்கும் தெரியக்கூடாதென்று உடம்பு நிறத்துக்கே நூல் தேடிக் கட்டின மனுஷன் இந்த உலகத்திலேயே நீங்கள் ஒருத்தராகத்தான் இருப்பீர்கள். சிரிப்பு வருகிறது.

எவ்வளவு நாளாக? எப்படி இருக்கிறது இப்போது? மறைக்காமல் எழுதுங்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதும்.

சரோஜா


தி. நகர்
8 ஆகஸ்ட் 2025

சரோஜா,

தெரிந்துபோன பிறகு என்ன மறைப்பது.

சித்திரையில் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. மிளகளவுதான். வைகாசியில் பார்த்தால் கொஞ்சம் பெரிசான மாதிரி இருந்தது. நிஜமாகவே பெரிசாயிற்றா, நான் தினமும் கிள்ளிப் பார்த்ததில் வீங்கியதா தெரியாது. ஆனி கடைசியில் நூலைக் கட்டினேன். இரண்டு நாளில் கருகருவென்று கறுத்துவிட்டது, உதிரவில்லை. சுற்றிலும் சிவந்து வீங்கி, உரசினால் ரத்தமும் சீழும் வருகிறது. ராத்திரி வலப்பக்கமாகத்தான் படுக்கிறேன். கறுத்தால் என்ன அர்த்தமென்று போனில் தேடினேன். அதன் பிறகு தேடுவதை விட்டுவிட்டேன்.

நீ இருந்தால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாய் என்றுதான் நீ போனபோது ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது. எழுதுவதற்கே அசிங்கமாக இருக்கிறது.

உன் முகத்தை ஏன் அழிக்க விட்டேன் என்று நீ கேட்டாயே. எனக்கு மரு என்றாலே பயம் வந்துவிட்டது சரோஜா. உன் முகத்தைப் பார்த்தால் ஒவ்வொன்றும் பெரிசாகிறதா என்று பார்க்கத் தோன்றியது. அந்த ஃபிளெக்ஸில் எதுவும் இல்லாமல் பார்த்தபோது, பயமில்லாமல் இரண்டு பேரும் நிற்கிற மாதிரி இருந்தது. சத்தியமாக அவ்வளவுதான்.

இப்போது டாக்டரிடம் போக மாட்டேன். முதலில் மணிவிழா நடக்கட்டும். ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டால் யார் மணையில் உட்காருவது? உனக்கு இன்னொரு தடவை தாலி கட்டிவிட்டு, முப்பதாம் தேதி காலை நேராகப் போகிறேன். அதுவரை என்னை விடு. அமீனா பீயையும் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல். அது என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை.

மாணிக்கவாசகம்


நங்கநல்லூர்
9 ஆகஸ்ட் 2025

என்னங்க,

விட மாட்டேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பேயா இல்லையா என்று விளக்கை ஏற்றிப் பார்க்காமல், விளக்கையே ஒளித்து வைத்திருக்கிறீர்கள். அது நல்லதாக இருந்தால் மூன்று வாரம் வீணாகப் பயந்து சாகிறீர்கள். கெட்டதாக இருந்தால் மூன்று வாரத்தை வீணாக அதற்குக் கொடுக்கிறீர்கள். எந்தப் பக்கம் தராசைப் பிடித்தாலும் நஷ்டம். வியாபாரிதானே நீங்கள், யோசித்துப் பாருங்கள். சீழ் வைத்த உடம்போடு மணையில் உட்கார்ந்து எனக்குத் தாலி கட்ட நீங்கள் யார்? உட்கார நான் சம்மதித்தால்தானே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பயந்தேன் என்று எழுதினதும் என் கோபம் கரைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நீங்கள் வைத்தீஸ்வரன்கோயிலுக்கு அனுப்பின உப்பு இல்லை நான். பயம் உங்களுடையது, முகம் என்னுடையது. உங்கள் பயத்துக்கு என் முகத்தையா துடைப்பது? "சரோஜா, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அன்றைக்கே போயிருப்போம்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அடையாறு டாக்டரம்மாவிடம் பேர் பதிந்துவிட்டேன். கடையை அமீனா பீ பார்த்துக்கொள்ளும், சொல்லிவிட்டேன். நான் கிளினிக்குக்கு நேராக வந்துவிடுவேன். வீட்டுக்கு வருகிறேன் என்று அர்த்தமில்லை. நீங்கள் வராவிட்டால் நான் கடைக்கு வந்து, அந்த ஃபிளெக்ஸுக்குக் கீழே நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நூல் கதையைச் சொல்வேன். செய்வேனா மாட்டேனா என்று உங்களுக்குத் தெரியும்.

நூலை நீங்களாக அவிழ்க்காதீர்கள்.

சரோஜா


தி. நகர்
19 ஆகஸ்ட் 2025

சரோஜா,

இன்று காலை ரிசல்ட் வந்தது. லாவண்யா மூலம் உனக்கு உடனே சொல்லச் சொன்னேன். இருந்தாலும் என் கையால் எழுத வேண்டும் போலிருந்தது. ஒன்றுமில்லை. வெறும் தோல் மரு. வெட்டி எடுத்ததை லேபுக்கு அனுப்பிப் பார்த்தும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். மாத்திரையில் சீழும் வற்றிவிட்டது, நன்றாக உட்காருகிறேன்.

நூல் இறுகி ரத்த ஓட்டம் நின்றதால்தான் கறுத்தது, தன் பாட்டுக்குக் கிடந்ததைக் கழுத்தை நெரித்து ரணமாக்கியது நான்தான் என்று போன வாரம் கிளினிக்கில் டாக்டரம்மா சொன்னபோது, நீ பக்கத்து நாற்காலியில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். என் கையைப் பிடிக்கவில்லை. ஊசி போடும்போது மட்டும் உன் பை என் முழங்கால் மேல் வந்து உட்கார்ந்தது. அதை நீ எடுக்கவில்லை. பிறகு பஸ் ஏறி நங்கநல்லூருக்கே போய்விட்டாய்.

சட்டையைக் கழற்றச் சொன்னார்களே, அப்போது நீயும் பார்த்தாய். என் முதுகு முழுக்க உன் கன்னத்தில் இருப்பதே இருக்கிறது. டாக்டரம்மா லென்ஸை வைத்து, "அங்கிள், உங்களுக்கும் அதே மரு, ஆன்ட்டியை விட ஜாஸ்தி"ன்னு சொல்லிச்சு. இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. நீ ஒரு நாளும் சொல்லவில்லை. சித்திரைக்குப் பிறகு நான் தேய்க்க விடாவிட்டாலும், அதற்கு முன் முதுகு தேய்த்துவிடும்போதெல்லாம் பார்த்திருப்பாய். ஈயத்தைப் பார்த்துப் பித்தளை இளித்த கதையாக என்னை விட்டு வைத்திருந்தாய்.

ஃபிளெக்ஸை இறக்கிவிட்டேன். அடையாறிலிருந்து வந்த அன்றே, மத்தியானக் கூட்டத்தில், நானே ஏணி ஏறி. அமீனா பீ ஏணியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா அண்ணே, தையல் பிரிஞ்சிடப் போவுது" என்று கத்திக்கொண்டே இருந்தது. ஸ்டுடியோவுக்குப் போய்ப் பொங்கலுக்கு நம்மை எடுத்த அசல் படத்தை அப்படியே போடச் சொன்னேன். அவன் நம்பவில்லை. பிரிண்ட் போடுமுன் இரண்டு தடவை போன் செய்து, "சார், ஆன்ட்டி முகத்துல டச்-அப் விட்டுப்போச்சு"ன்னான். "விட்டுப்போகலை தம்பி, அதுதான் முகம்"னேன். கொடுக்காத பத்திரிகையில் எல்லாம் புதுப் படத்தை ஒட்டிவிட்டோம். கொடுத்தவற்றைத் திரும்ப வாங்க முடியாது, அந்தத் தோல்வியை ஒத்துக்கொள்கிறேன்.

மதினி போன் செய்தார்கள். படத்தைக் குரூப்பில் பார்த்துவிட்டு, "என்ன மாணிக்கம், நல்ல போட்டோ கிடைக்கலியா"ன்னாங்க. "இதான் மதினி நல்ல போட்டோ. பிடிக்கலைன்னா மண்டபத்துல பந்தி வரிசைக்கு நேராப் போயிருங்க, மணைப் பக்கம் வராதீங்க"ன்னுட்டேன். முதல் தடவையாக மதினிக்கு எதிராகப் பேசியிருக்கிறேன்.

ஆடி முடிந்துவிட்டது. ஆனாலும் புது ஃபிளெக்ஸ் வாசலில் இருக்கிறது. பழையதைவிட ஒரு சாண் பெரிசு. வருகிறாயா என்று கேட்கவில்லை. பார்த்துவிட்டாவது போ.

மாணிக்கவாசகம்


நங்கநல்லூர்
22 ஆகஸ்ட் 2025

என்னங்க,

நேற்று வந்து பார்த்தேன். உங்களிடம் சொல்லவில்லை. எதிர்க்கடை பாத்திர அடுக்குக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நீங்கள் யாருக்கோ மயில்கழுத்துப் பச்சை காட்டிக்கொண்டிருந்தீர்கள். உட்கார்ந்துதான் இருந்தீர்கள், அதையும் பார்த்துக்கொண்டேன்.

ஒரு சாண் பெரிசாக்கினது சரி, என் மூக்கு ஒரு முழம் ஆகிவிட்டது. இருக்கட்டும். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருக்கிறது. வலது கண்ணோரத்துப் பெரியது, கன்னத்தில் வரிசையாக நாலைந்து, தாடைக்குக் கீழே என் அம்மாவுக்கு இருந்த அதே இடத்தில் ஒன்று. ரொம்ப நாளாகப் பார்க்காத யாரையோ பார்க்கிற மாதிரி நின்று பார்த்தேன்.

என் பக்கத்தில் ஒரு பொம்பளை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றது. அதுவும் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் அக்காளிடம், "இந்தம்மா மூஞ்சில இன்னா இம்மாம் மரு கீது, போட்டோ புடிச்சவன் அழிச்சிருக்கக் கூடாது?" என்றது. எனக்கு வந்ததே கோபம். "அது நான்தாம்மா"ன்னு திரும்பி முகத்தைக் காட்டினேன். அது படத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, வெட்கப்பட்டுக்கொண்டு, "அச்சு அசலா அப்டியே கீறீங்கம்மா"ன்னுச்சு. இந்த ஒரு மாசத்தில் என்னைப் பற்றி ஒருத்தர் சொன்ன நல்ல வார்த்தை அது. அந்தப் பெண்ணின் பிள்ளைக்குப் பாலுண்ணி இருந்தது, கையில் முத்து முத்தாக. அது ஒட்டிக்கொள்கிற ஜாதி, என்னுடையது போல இல்லை, கிள்ளவோ எதுவும் வைக்கவோ வேண்டாம், தோல் டாக்டரிடம் காட்டு என்று சொல்லிவிட்டுத்தான் ரயிலேறினேன்.

முதுகில் இருப்பதை நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்ல என்ன இருக்கிறது? எண்ணெய் தேய்க்கும்போது கைக்குத் தெரியும், உங்கள் முதுகு என்று. அதில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

நாளைக் காலை வருகிறேன். வருமுன்னே சில விஷயம். மண்டபத்தில் மேக்கப் பெண் வருவாளென்று லாவண்யா ஏற்பாடு செய்திருக்கிறாள், வேண்டாமென்று நானே சொல்லிவிட்டேன். மஞ்சள் பூசுவேன், பொட்டு வைப்பேன், அவ்வளவுதான். வீடியோக்காரனிடம் நீங்கள் சொல்லுங்கள், நீட்டாகப் பண்ணு என்று சொல்லாதீர்கள். மதினியை மணைப் பக்கம் வர விடுங்கள், முன்வரிசையிலேயே உட்கார வையுங்கள். கிட்டத்திலிருந்து பார்க்கட்டும்.

பிடரியில் எடுத்த இடம் நன்றாக ஆறிவிட்டது. இந்தத் தடவை சரடு எங்கும் சிக்காது, முடிச்சை நிதானமாகப் போடலாம். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் முடிச்சு நழுவி இரண்டாவதை உங்கள் அக்காவிடம் விட்டீர்களே, இந்தத் தடவை மூன்றையும் நீங்களே போட வேண்டும்.

அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இனி இந்த வீட்டில் நீங்கள் வேறெதற்கும் நூல் கட்டக் கூடாது.

சரோஜா